சீதை ஏன் தீயில் இறங்க வேண்டும்?

தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்பது வீண் பொழுதுபோக்கு என்று பெரியோர் பலர் கூறுவர். பார்த்ததைப் பற்றி மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய வீண் என்றும் கூறுவர். இக்கருத்தை என்னால் முழுவதும் ஏற்க இயலவில்லை. ஒரு தொடரைப் பற்றி மக்கள் பேசுவதைச் செவி கொடுத்துக் கேட்டால், அந்தத் தொடரைக் காட்டிலும் அந்த மக்களைப் பற்றியே மிகுதியாகத் தெரிந்துகொள்ளலாம். அப்படி நான் கேட்ட ஒரு பேச்சைப் பற்றியும், அதனால் என் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன்.

இராமானந்த சாகர் உருவாக்கிய 'இராமாயணம்' தொடரை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. 1987 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள் தூர்தர்ஷனில் தொடங்கி, ஞாயிறுதோறும் காலையில் ஒளிபரப்பாகி, 78 பகுதிகளாக 1988 ஜூலை 31 அன்று நிறைவுபெற்றது. அருண் கோவில் இராமராகவும், தீபிகா சிக்லியா சீதையாகவும், சுனில் லாஹிரி இலக்குவனாகவும் நடித்தனர். அந்த நேரத்தில் வடநாட்டில் கடைத்தெருக்கள் வெறிச்சோடின என்றும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு வணங்கினர் என்றும் படித்திருக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கொரோனா ஊரடங்கின்போது 2020 மார்ச் 28 முதல் மீண்டும் ஒளிபரப்பினார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று ஒளிபரப்பான பகுதியை 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. எத்தனையோ புதிய தொடர்கள் வந்த பிறகும் இந்தப் பழைய தொடருக்கு மக்கள் மனத்தில் இருக்கும் இடம் இதனால் விளங்கும்.

எங்கள் தோணிரேவிலும் அதற்கு இடம் உண்டு. அந்த நாளில் தெருவுக்கு ஒரு பெட்டிகூட இல்லை என்றும், இருந்த வீட்டின் திண்ணையிலும் சன்னலிலும் நின்று பார்த்தோம் என்றும் எங்கள் ஆயா சொல்வார். இந்தி ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் கதை தெரியும் அல்லவா? அழுகிற இடத்தில் அழவும் சிரிக்கிற இடத்தில் சிரிக்கவும் மொழி தடையாக இல்லை என்பார். இப்போது அதே தொடர் கைப்பேசியில் பகுதி பகுதியாகப் பார்க்கக் கிடைக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பெண்கள் இறால் உரித்துக்கொண்டே ஒரு பகுதியைப் பார்த்தார்கள். அது இராவண வதம் முடிந்தபின் சீதை தீயில் இறங்கும் பகுதி.

படம் பத்து நிமிடத்தில் முடிந்தது; பேச்சு மாலை வரை முடியவில்லை. நான் கேட்டவரையில் அங்கே மூன்று கட்சிகள் இருந்தன.

முதற் கட்சி எங்கள் பெரியம்மாவுடையது. "ராஜான்னா நாலு பேர் சொல்றதுக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும்? ஜனங்க வாயை அடைக்கத்தான் அவர் அப்படிச் செய்தார்" என்றார். இரண்டாவது கட்சியின் சின்னம்மா, "நெருப்புல இறங்கினது நிஜ சீதையே இல்லை, நிழல் சீதை. அப்புறம் என்ன கஷ்டம்?" என்றார். மூன்றாவது கட்சி புதிதாக மணமாகி வந்த அக்கா ஒருவர். "நானா இருந்தா அப்படியே எங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆயா மட்டும் சிரிக்கவில்லை.

இந்த மூன்று கட்சிகளையும் பிறகு நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன்.

நிழல் சீதை என்னும் செய்தி வால்மீகியில் இல்லை. அது பின்னால் வந்த நூல்களில் இருக்கிறது. துளசிதாசரின் நூலிலும் இருக்கிறது. அதன்படி, இராவணன் வருமுன்னரே இராமர் உண்மைச் சீதையை அக்கினியிடம் ஒப்படைத்து விடுகிறார். இலங்கைக்குப் போனது நிழல். போர் முடிந்தபின் நிழலை அக்கினியிடம் கொடுத்து உண்மைச் சீதையைத் திரும்பப் பெறுகிறார். தொடரும் இவ்வழியையே பின்பற்றியது. தீ மூட்டு என்றதும் இலக்குவன் கொதித்து எழுகிறான்; அப்போதுதான் இராமர் அவனிடம் இந்த இரகசியத்தைச் சொல்கிறார்.

நம் கம்பரும் தம் வழியில் ஒரு மாற்றம் செய்தார். வால்மீகியில் இராவணன் சீதையைப் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பர் அதைப் பாட மனம் ஒப்பவில்லை. அவன் சீதையைத் தொடாமல், அவள் இருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் சென்றதாகப் பாடினார். சீதையின் மேல் அவருக்கு இருந்த பக்தியும் பரிவும் அதில் தெரிகின்றன.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்று. புண் இல்லாத இடத்தில் யாரும் மருந்து தடவுவதில்லை. இத்தனை பெரியோர்கள், இத்தனை நூற்றாண்டுகளாக, இந்த ஓரிடத்தை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், இந்த இடம் அவர்களுக்கும் வலித்திருக்கிறது என்றுதானே பொருள்? தொடரில் இலக்குவன் கொதிப்பதும் அதனால்தான். நாம் கேட்க நினைக்கும் கேள்வியை நமக்காக அவன் கேட்டுவிடுகிறான். ஆகவே, இந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி கேட்பது ஒரு சமயத்தாரின் நூலைக் குறை கூறுவதாகாது. அந்த நூலை உயிராக நேசித்தவர்களே முதலில் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்த மருந்துகளிலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. நிழல்தான் போயிற்று, அவளை அவன் தொடவே இல்லை என்றெல்லாம் சொல்லும்போது, தொட்டிருந்தால் என்ன என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. ஒருவன் வஞ்சகமாக வேடமிட்டு வந்து, தனித்திருந்த ஒரு பெண்ணை வலிந்து தூக்கிச் சென்றான். அவன் தொட்டிருந்தால் குற்றம் அவனுடையதா, அவளுடையதா? "அவள் தூய்மையானவள்" என்று நிரூபிக்க நாம் இத்தனை பாடுபடுவதே, நிரூபிக்க வேண்டியது அவள் பொறுப்பு என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிடாதா? எங்கள் தெருவின் மூன்று கட்சிகளும் சீதை என்ன செய்தாள், என்ன செய்திருக்க வேண்டும் என்றே பேசின. சந்தேகத்தை வாயால் சொன்னவர்களைப் பற்றி ஒரு கட்சியும் பேசவில்லை.

தமிழ் எழுத்தாளர்கள் இதைப் பேசியிருக்கிறார்கள். புதுமைப்பித்தன் 1943 இல் எழுதிய 'சாப விமோசனம்' என்ற சிறுகதையில், வனவாசம் முடிந்து இராமரும் சீதையும் அகலிகையைப் பார்க்க வருகிறார்கள். சீதை தீயில் இறங்கிய செய்தியை அவள் வாயாலேயே கேட்கிறாள் அகலிகை. தன்னைக் கல்லிலிருந்து மீட்டவரே இப்படிக் கேட்டாரா என்று அவளால் தாங்க முடியவில்லை. அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். தீயில் இறங்கியவள் ஒருத்தி, கல்லானவள் மற்றொருத்தி. ஒரு பெண்ணைச் சந்தேகித்தால் அதைக் கேட்கும் பெண்களெல்லாம் உள்ளுக்குள் சிறிது கல்லாகிறார்கள் என்பதை நான் இக்கதையிலிருந்து அறிந்தேன். ஆயா சிரிக்காமல் இருந்ததன் பொருளும் ஒருவேளை இதுதானோ?

ஜெயகாந்தன் 1966 இல் 'அக்கினிப் பிரவேசம்' என்றே பெயரிட்டு ஒரு சிறுகதை எழுதினார். மழைநாளில் பேருந்துக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, காரில் வந்த ஒருவனால் கெடுக்கப்படுகிறாள். வீடு வந்து அழும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்கிறாள். வாசகர்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. அதே தாய் ஊரறியக் கத்தியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்பதைப் பின்னர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலில் அவர் எழுதினார். வெளியிலிருந்து வந்த தீங்கு இரண்டிலும் ஒன்றுதான். வீட்டார் நடந்துகொண்ட விதம் ஒரு வாழ்க்கையை இரண்டு வாழ்க்கையாக்கிவிட்டது.

நம் திருவிவிலியத்திலும் இத்தகைய இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. ஒன்று தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் வரலாறு. மதிப்புமிக்க முதியோர் இருவர் அவள்மீது பொய்ப்பழி சுமத்துகின்றனர். முதியோர் சொல்லிவிட்டார்களே என்று சபையும் அவளுக்கு மரண தண்டனை விதித்துவிடுகிறது. அப்போது இளைஞராகிய தானியேல் எழுந்து, குற்றம் சாட்டியவர்களைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்கிறார். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொல்லி அகப்பட்டுக்கொள்கிறார்கள். சூசன்னாவைத் தீயில் இறங்கச் சொல்லவில்லை, சத்தியம் செய்யச் சொல்லவும் இல்லை. பழி சொன்னவர்களைத்தான் விசாரித்தார்.

மற்றொன்று யோவான் நற்செய்தியில் வருவது. அங்கே இழுத்து வரப்பட்ட பெண்மேல் சொன்ன குற்றம் பொய்யென்று யாரும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் நம் ஆண்டவர் அவளிடம் விசாரணையைத் தொடங்கவில்லை. கல்லை ஏந்தி நின்றவர்களைப் பார்த்து, உங்களில் பாவமில்லாதவன் யாரோ அவன் தொடங்கலாம் என்ற கருத்தில் பேசினார். முதியவர் தொடங்கி ஒவ்வொருவராக நழுவிவிட்டனர். அந்தப் பெண்ணோடு பிடிபட்டிருக்க வேண்டிய ஆண் எங்கே என்று, அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் நான் நினைப்பதுண்டு.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். இது பழைய கதைகளைப் பற்றிய ஆராய்ச்சி மட்டுமாக இருந்தால் நான் எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.

ஏரியோரக் கிராமம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணை நான் அறிவேன். ஒரு மழைநாள் மாலை பேருந்து வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால், தோழியின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து ஊர் முனையில் இறக்கிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். மூன்று நாட்களில் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் அது வேறு கதையாகிவிட்டது. அவளுடைய தாய் பொறுக்க முடியாமல் கோயில் வாசலுக்குப் போய், கற்பூரம் கொளுத்தி, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, என் மகள் ஒரு தவறும் அறியாதவள் என்று சத்தியம் செய்தார். கை கொப்பளித்துப் போயிற்று. அதற்குப் பின்னாவது ஊர் வாய் அடங்கியதா? "ஒண்ணுமே இல்லைன்னா எதுக்குச் சத்தியம் பண்ணணும்?" என்று பேசினார்கள். அந்த மாதமே அவள் பள்ளியிலிருந்து நின்றாள். இன்று இறால் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அந்த அண்ணன் மறுநாளும் அதே வண்டியில் வேலைக்குப் போனார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும்படி அவர் தவறும் செய்யவில்லை, உதவிதான் செய்தார். அவரிடம் கேட்கத் தேவையில்லாதது அவளிடம் மட்டும் ஏன் தேவைப்பட்டது?

கற்பூர நெருப்பு சிறியதுதான். ஆனாலும் அது அக்கினிப் பரீட்சைதான். எங்கள் சமயத்தார் இதற்கு விலக்கு என்று சொல்ல மாட்டேன். மாதா சுரூபத்தைத் தொட்டுச் சொல் என்று மகளைக் கேட்கும் வீடுகளும் உண்டு.

இவ்விடத்தில் பெரியோர்கள் பழமொழிகளை எடுத்து வீசுவார்கள். "நெருப்பில்லாமல் புகையுமா?" என்பார்கள். நான் சொன்ன நிகழ்ச்சியில் புகைதான் முதலில் வந்தது. நெருப்பை அந்தத் தாய் பிறகு தன் கையால் மூட்ட வேண்டியிருந்தது. "முள் மேல் சேலை பட்டாலும், சேலை மேல் முள் பட்டாலும் கிழிவது சேலைதான்" என்பார்கள். உண்மைதான். அதற்காக நாம் சேலைகளை வீட்டுக்குள் பூட்டிவைக்கிறோம். முள்ளை வெட்ட யாரும் அரிவாள் எடுப்பதில்லை. "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்பார்கள். ஊர் என்பது யார்? நானும் நீங்களும், நம் அம்மாமாரும் சின்னம்மாமாரும் சேர்ந்ததுதானே ஊர்? நம் வாயை நாமே மூடிக்கொண்டால் ஊர் வாயில் பாதி மூடிக்கொள்ளும்.

பெரியம்மாவின் கட்சிக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஜனங்கள் வாயை அடைக்கத்தான் தீ மூட்டினார் என்றார் அல்லவா? அடைந்ததா? அக்கினி தேவனே சாட்சி சொன்ன பிறகும் அயோத்தியில் பேச்சு எழுந்தது என்றுதான் கதை செல்கிறது. கருவுற்றிருந்த சீதை காட்டுக்குப் போகிறாள். சந்தேகத்துக்கு ஒருமுறை தீனி போட்டால் அது மறுமுறையும் பசியோடு வரும்.

அந்தப் பிற்பகுதி தொலைக்காட்சிக்கு வந்த வரலாறும் நாம் அறிய வேண்டியது. சாகரின் தொடர் பட்டாபிஷேகத்தோடு முடிவதாக இருந்தது. சீதைக்கு அடைக்கலம் கொடுத்து அவள் பிள்ளைகளை வளர்த்தவர் வால்மீகி முனிவர். அவரைத் தங்கள் குலமுதல்வராகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர்கள், அந்தக் கதையையும் காட்ட வேண்டும் என்று 1988 இல் பஞ்சாபின் ஜலந்தரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வடநாட்டு நகரங்கள் பலவற்றுக்கும் பரவியது. அரசு இணங்கியது, லவகுசர் கதை தொடர்ச்சியாக வந்தது. தெருக் கூட்டும் எளிய மக்கள் ஒரு தொடரைப் பற்றிப் பேசிய பேச்சு, நாடே பார்க்கும் கதையை நீட்டிவிட்டது. அப்படியிருக்க, பார்த்த பின் பேசுவது வீண் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கதையின் முடிவில், பிள்ளைகள் வளர்ந்த பிறகு, சபையின் நடுவே இன்னொரு முறை நிரூபிக்கும்படி சீதையிடம் கேட்கப்படுகிறது. இம்முறை அவள் தீயைக் கேட்கவில்லை. தன் தாயாகிய பூமியை அழைத்து, அவள் மடியில் மறைந்துபோகிறாள். அதன்பின் அயோத்தி எவ்வளவு வருந்தினாலும் அவள் திரும்ப வரவில்லை. அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன் என்று சொன்ன புது மணமகள் அக்காவைப் பார்த்துச் சிரித்தோமே, சீதை கடைசியில் செய்தது அதுதான். ஒரு பெண்ணை மறுபடி மறுபடி நிரூபி, நிரூபி என்று கேட்கும் ஊர், இறுதியில் அவளை இழக்கிறது. நம் வகுப்பறைகளில் காலியாகிவிட்ட இருக்கைகளை எண்ணிப் பாருங்கள், தோழியரே. பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வதை 2006 ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. ஆனால் வாய்ச்சொல்லால் ஒருத்தியின் படிப்பு நின்றுபோவதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அதை நாம்தான் தடுக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? ஒருத்தியைப் பற்றி ஒரு பேச்சு நம் காதுக்கு வரும்போது, "அப்படியா, அப்புறம்?" என்று கேட்காமல், தானியேலைப் போல், "யார் பார்த்தது? எங்கே பார்த்தது?" என்று கேட்கலாம். பெரும்பாலான கதைகள் அந்த இரண்டு கேள்வியிலேயே நின்றுவிடும். பேச்சுக்கு ஆளான தோழியோடு மறுநாள் ஒன்றாகப் பேருந்தில் ஏறி, ஒன்றாக உட்காரலாம். அவள் பள்ளிக்கு வராவிட்டால், அவள் வீட்டுக்கு நாலு பேராகப் போய் அழைக்கலாம், ஆசிரியையிடம் சொல்லலாம். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் மகளை நம்புகிறீர்கள் என்றால் அதைக் கற்பூரத்திடம் சொல்ல வேண்டாம். மறுநாள் காலையில் அவளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புங்கள். அதைவிடப் பெரிய சத்தியம் இல்லை.

தொடர்களைப் பாருங்கள், பேசுங்கள். ஆனால் அடுத்த முறை இந்தப் பகுதி வரும்போது, சீதை தூயவளா என்று கட்சி பிரிந்து வாதாட வேண்டாம். அதைக் கேட்க நமக்கு யார் உரிமை கொடுத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். இதுவே என் தாழ்மையான கருத்து.